பருவம் என்னும் சொல்லும் பந்தியும்: சுவாத் தோட்டத் தமிழரின் காய்கனி வரலாறு

முன்னுரை

தமிழில் ‘பருவம்’ என்னும் சொல் பல பொருள்களைத் தாங்கி நிற்கிறது. கார், கூதிர் போன்ற காலப் பிரிவும் பருவம். பிள்ளைமை, இளமை போன்ற வாழ்க்கை நிலையும் பருவம். காய் கனியாகும் முதிர்ச்சியும் பருவம். காலத்தையும் முதிர்ச்சியையும் ஒரே சொல்லால் குறித்த ஒரு மக்கள், அவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை என்று நாம் கொள்ளலாம். உரிய காலத்தில் விளைந்ததே முதிர்ந்தது, முதிர்ந்ததே உண்ணத்தக்கது.

பருவத்துக்கு ஏற்ற காய்கனிகளை உண்ணவேண்டும் என்று இன்று மருத்துவரும் உணவியலாரும் சொல்கின்றனர். அதனை ஓர் உடல்நலக் குறிப்பாக மட்டும் நாம் இங்கு எடுத்துக்கொள்ளவில்லை. நெகிரி செம்பிலான் மாநிலத்தின் போர்ட்டிக்சன் மாவட்டத்தில் சுவா என்னும் சிற்றூரைச் சூழ்ந்த தோட்டங்களிலும், அவற்றை ஒத்த பிற தோட்டங்களிலும் குடியேறிய தமிழர், தாய்நிலத்துப் பருவ அறிவை இழந்து, புதிய நிலத்தின் பருவத்தை எவ்வாறு கற்றனர் என்பதே இவ்வுரையின் பொருள். அவ்வறிவு பெரும்பாலும் எழுதப்படவில்லை, சொற்களில் தங்கியிருக்கிறது. சொற்கள் மறையுமுன் அதனைத் தொகுக்கவேண்டும் என்பது இவ்வுரையின் வேண்டுகோள்.

தாய்நிலத்துப் பருவ அறிவு

தொல்காப்பியப் பொருளதிகாரம் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுக்கிறது. ஆவணி, புரட்டாசி கார். ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். இலக்கண நூலார் வகுத்த இப்பகுப்புக்கு இணையாக, உழவர் வழக்கில் ‘பட்டம்’ என்னும் சொல் நின்றது. ஆடிப்பட்டம், கார்த்திகைப்பட்டம், தைப்பட்டம், சித்திரைப்பட்டம் என்பன விதைப்புக்குரிய காலங்கள். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்னும் பழமொழி, அவ்வழக்கின் சுருக்கம்.

காய்கனிகளின் வளர்ச்சி நிலைகளுக்கும் தமிழ் தனித்தனிச் சொற்களை வழங்கியது. மாவின் பிஞ்சு வடு. பலாவின் பிஞ்சு மூசு. வாழையின் பிஞ்சு கச்சல். தென்னை, பனை ஆகியவற்றின் பிஞ்சு குரும்பை. காய்க்கும் பழத்துக்கும் இடைப்பட்டது செங்காய். முதிராமல் வெப்பத்தால் பழுத்தது வெம்பல். இச்சொற்களைத் தேவநேயப் பாவாணர் தொகுத்துக்காட்டித் தமிழின் சொல்வளத்துக்குச் சான்றாக்கினார். சொல்வளத்தோடு மற்றொன்றுக்கும் இவை சான்றாகின்றன என்பது நம் கருத்து. வடுவை ஊறுகாய்க்கும், மூசினைக் கறிக்கும், செங்காயைப் பச்சடிக்கும், பழத்தைப் பந்திக்கும் பயன்படுத்திய ஒரு சமையற்கட்டே அச்சொற்களை வேண்டியது. உண்ணும் முறை வேறுபடாவிடின் பெயர் வேறுபடவேண்டிய தேவை இல்லை.

விழாக்களும் பருவத்தைப் பந்தியில் வைத்தன. சித்திரைப் பிறப்பில் மாங்காயும் வேப்பம்பூவும் கூடிய பச்சடி. தைப்பொங்கலில் புத்தரிசி, கரும்பு, மஞ்சள், மொச்சை, சர்க்கரைவள்ளி. அவையனைத்தும் அந்தந்த மாதத்தில் வயலும் மரமும் தந்தவை. நாட்காட்டியும் விளைச்சலும் உணவும் ஒன்றோடொன்று இணைந்திருந்தன.

நிலம் மாறிய வரலாறு

அவ்விணைப்பை அறுத்தது புலம்பெயர்வு. 1876-இல் பிரேசிலிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட ரப்பர் விதைகளின் கன்றுகள், 1877-இல் சிங்கப்பூரை அடைந்தன. 1896-இல் மலாக்காவில் டான் சே யான் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். அடுத்த இருபது ஆண்டுகளில் மேற்குக் கரையின் காடுகளும் பழைய காப்பித் தோட்டங்களும் ரப்பர்த் தோட்டங்களாயின. 1891 முதல் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த இருப்புப்பாதை, அவ்வட்டாரத் தோட்டங்களுக்கு உதவியது. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டது. கங்காணி முறையில் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து ஆள் திரட்டப்பட்டது. 1938-இல் இந்திய அரசு அத்தகைய குடியேற்றத்தைத் தடைசெய்யும்வரை அது தொடர்ந்தது.

வந்தவருள் பெரும்பாலோர் உழவர்குடியினர். அவர்கள் சுமந்து வந்த மாதப் பெயர்கள் அப்படியே இருந்தன. மாதங்களின் உள்ளடக்கம் மாறிவிட்டது. சுவா நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ இரண்டரைப் பாகையில் இருக்கிறது. அங்குப் பனிக்காலம் இல்லை. பகலின் நீளம் ஆண்டு முழுதும் ஏறத்தாழ ஒன்றே. பகல் குறுகும்போது பூக்கும் மொச்சை போன்ற பயிர்களுக்கு அந்த அடையாளமே கிடைப்பதில்லை. ஆடியில் விதைக்க வயல் இல்லை; தையில் அறுக்கக் கதிர் இல்லை. பொங்கல் பானையில் இட்ட அரிசி, பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்த அரிசி. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்னும் பழமொழி வாயில் நின்றது. ஆனால் அது விதைப்பை விட்டு, ‘எதையும் காலமறிந்து செய்’ என்னும் உவமைப் பொருளுக்கு நகர்ந்தது. ஒரு பழமொழி நேர்ப்பொருளை இழந்து உவமையாக மட்டும் எஞ்சுவது, ஒரு வாழ்க்கைமுறை முடிவுற்றதன் மொழிச்சான்று.

நெகிரி செம்பிலான் தந்த ஒரு பாடம்

உணவு வழக்கத்தினுள் மறைந்திருக்கும் அறிவுக்கு இதே மாநிலம் உலகறிந்த சான்று ஒன்றைத் தந்துள்ளது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் ‘பெரிபெரி’ என்னும் நோய் தொழிலாளர் பலரைக் கொன்றது. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராயிருந்த பிராடன், அந்நோயின் காரணத்தைப் பற்றி 1907-இல் நூல் வெளியிட்டார். தீட்டிய பச்சரிசியை உண்ட சீனத் தொழிலாளரிடையே நோய் பரவியிருந்ததையும், புழுங்கலரிசியை உண்ட தமிழரிடையே அது அரிதாயிருந்ததையும் அவர் எடுத்துக்காட்டினார். அடுத்து, பிரேசர், ஸ்டாண்டன் என்னும் ஆய்வாளர் இருவர், இம்மாநிலத்தின் ஜெலுபு வட்டாரத்தில் சாலைப் பணியிலிருந்த ஜாவானியத் தொழிலாளரிடம் இருவகை அரிசியையும் கொடுத்து ஆராய்ந்து, 1909-இல் முடிவை வெளியிட்டனர். நோய்க்குக் காரணம் அரிசியே என்பது உறுதியாயிற்று. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசியினுள் இறங்குகிறது. அச்சத்தே பின்னர் ‘பி1’ உயிர்ச்சத்து எனப் பெயர்பெற்றது.

நெல்லைப் புழுக்கிய தமிழ்ப் பெண்டிர்க்கு உயிர்ச்சத்து என்னும் சொல் தெரியாது. ‘புழுக்கு’ என்னும் வினை தெரியும். அவ்வினையில் மருத்துவம் இருந்தது. காய்கனிகளைப் பருவமறிந்து உண்ட வழக்கத்தையும் நாம் அதே கண்ணோடு பார்க்கவேண்டும்.

புதிய நிலத்தின் பருவம்

நிலநடுக்கோட்டு நாட்டில் பருவமே இல்லை என்பார் உளர். அது பொருந்தாது. அந்நாட்டில் பருவத்தை வெப்பம் வகுப்பதில்லை. மழையும் மழையின்மையும் வகுக்கின்றன. மலாய்மொழியில் பருவத்துக்கு வழங்கும் ‘மூசிம்’ என்னும் சொல் அரபுமொழியின் ‘மவ்சிம்’ என்பதன் திரிபு; ஆங்கிலத்தின் ‘மான்சூன்’ என்பதும் போர்த்துக்கீசியர் வழியாக அதே மூலத்திலிருந்து வந்தது. காற்றும் மழையுமே அப்பகுதியின் காலக்கணக்கு என்பதை அச்சொல்லே கூறுகிறது.

மேற்குக் கரையில் தை, மாசி மாதங்களில் மழை குறைகிறது. அவ்வறட்சியை அடுத்து ரப்பர் மரம் இலை உதிர்க்கிறது. மாசியிலும் பங்குனியிலும் பால் குறைந்தது. பாலின் அளவை ஒட்டிய வருமானமும் குறைந்தது. தோட்டத் தமிழர் வாழ்வில் அது நெருக்கடிக் காலம். ஆனால் ரப்பரின் இலையை உதிர்க்கும் அதே வறட்சிதான் டுரியான் மரத்தைப் பூக்கவைக்கிறது. பூ மலர்ந்து மூன்று, நான்கு மாதங்களில் பழம் விழுகிறது. ஆகவே, பங்குனியில் கித்தா மரத்தை அண்ணாந்து பார்த்தவர், ஆனியிலும் ஆடியிலும் கம்பத்துப் பழச்சந்தை நிறையும் என்பதை அறிய முடிந்தது. வறட்சி நீடிக்காத ஆண்டில் பூ குறையும், பழமும் குறையும். குறைவே நிறைவுக்கு முன்னறிவிப்பாக வந்த இக்கணக்கைப் பள்ளிப் பாடம் கற்பிக்கவில்லை, தொழில் கற்பித்தது.

ஆனி, ஆடி மாதங்களில் டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தான், லங்சாட் ஆகியன அடுத்தடுத்து வரும். கார்த்திகை முதல் தை வரை மற்றொரு சிறிய பழப்பருவம் உண்டு. தாய்நிலத்தில் விதைப்புக்குரியதாயிருந்த ஆடி, புதிய நிலத்தில் கனி விழும் மாதமாயிற்று. அம்மனுக்குக் கூழ் வார்க்கும் மாதமும் அதுவே. பழைய சடங்கும் புதிய கனியும் ஒரே மாதப் பெயரின்கீழ் அமைந்தன.

சொற்களும் அதற்கேற்ப வந்தன. ‘டுரி’ என்றால் மலாயில் முள், முள்ளுடையது டுரியான். ‘ரம்புட்’ என்றால் மயிர், மயிருடையது ரம்புத்தான். தமிழில் டுரியானுக்கு ‘முள்நாறி’ என்னும் பெயரும் உண்டு. மலாய்ப் பெயர் கண்ட முள்ளோடு மூக்கறிந்த மணத்தையும் அது சேர்த்துக்கொண்டது. எனினும், தோட்டத்தில் நிலைத்தது டுரியானே. பழத்தை வளர்த்தவரிடமிருந்து பழத்தோடு பெயரையும் பெறுவது இயல்பு. ரப்பருக்கு மலாயில் வழங்கும் ‘கெத்தா’ என்பதும் அவ்வாறே ‘கித்தா’ ஆயிற்று.

கொடுக்கல் வாங்கல் ஒருவழிப்பட்டதன்று. மலாயின் ‘மெம்பெலாம்’ நம் மாம்பழம். ‘மெருங்கை’ நம் முருங்கை. ‘செக்கூர் மானிஸ்’ என மலாயர் வழங்கும் கீரையைத் தமிழ்நாட்டில் தவசிக்கீரை என்பர். கேரளத்திலோ அது இன்றும் ‘செக்கூர்மானிஸ்’ என்றே வழங்குகிறது. செடி கடல் கடந்தபோது பெயரும் கடந்தது. காய் முதிரும் நிலைகளுக்கும் மலாய்மொழி சொற்களை வைத்திருக்கிறது: பிஞ்சு ‘புத்திக்’, செங்காய் ‘மெங்கால்’, நன்கு கனிந்தது ‘ரானும்’. பருவம் பார்த்து உண்ட இருவேறு மக்கள், ஒருவரையொருவர் அறியுமுன்பே ஒத்த சொல்லமைப்பை உருவாக்கியிருந்தனர்.

மாவின் நிலை இதற்கு மாறானது. மா நன்கு பூக்கத் தெளிவான வறண்ட காலம் வேண்டும். பூக்கும்போது மழை பெய்தால் பூ கெடும். அதனாலேயே மலேசியாவில் ‘ஹாருமானிஸ்’ என்னும் சிறந்த மாம்பழம், வறண்ட பருவம் தெளிவாகவுள்ள வடகோடிப் பெர்லிஸ் மாநிலத்துக்குப் பெயர் தந்தது. நெகிரி செம்பிலானில் மாமரம் வளர்ந்தது; தாய்நிலத்து இளவேனிலின் மாம்பழக் காலம் மட்டும் அதனோடு வரவில்லை.

லயத்தின் பின்புறம்

வரிசையாகக் கட்டப்பட்ட தொழிலாளர் வீடுகளை ‘லயம்’ என்பர். அவற்றின் பின்னே கிடைத்த சிறு நிலத்தில் முருங்கை, கறிவேப்பிலை, வாழை, கத்தரி, வெண்டை, பாகல், புடலை, பீர்க்கு, கீரை ஆகியன வளர்ந்தன. குடும்பத்தோடு வாழும் தொழிலாளர்க்குத் தோட்டநிலம் ஒதுக்கவேண்டும் என்பது குடியேற்றக் காலத் தொழிலாளர் சட்டத்திலும் இடம்பெற்றது. மலேரியாவும் கொக்கிப்புழுவும் குருதியைக் குறைத்த தோட்டங்களில், இரும்புச்சத்தும் ‘ஏ’ உயிர்ச்சத்தின் மூலப்பொருளும் மிக்க முருங்கைக்கீரையும் முளைக்கீரையும் பின்கட்டிலேயே கிடைத்தது சிறிய நன்மையன்று.

அப்பின்கட்டின் மதிப்பு 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சியில் தெளிவாகப் புலப்பட்டது. பர்மா, சயாம் அரிசி வரவு அருகியது. தோட்டத் தொழிலாளர் பலர் சயாம்-பர்மா இருப்புப்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு மாண்டனர். எஞ்சியோர் மரவள்ளியையும் சர்க்கரைவள்ளியையும் நட்டு உயிர்வாழ்ந்தனர். மரவள்ளியை மலாயர் ‘உபி காயு’ என்பர். ‘மரக்கிழங்கு’ என்பது அதன் பொருள். இரு மொழியும் ஒரே வகையில் பெயரிட்ட அக்கிழங்குக்குப் பருவம் இல்லை. பிடுங்கும்வரை மண்ணில் கிடக்கும். பஞ்ச காலத்தில் அதுவே அதன் சிறப்பு. ஆயினும் அது வயிற்றை நிரப்பியதே அன்றி, உடலுக்கு வேண்டிய புரதத்தையும் பிற சத்துகளையும் போதிய அளவு தரவில்லை. நாள்தோறும் ஒன்றையே உண்ணும் நிலை அன்று வறுமையின் அடையாளமாயிருந்தது.

இன்பமும் பயனும்

பருவ உணவின் இன்பத்தில் பாதி காத்திருத்தலில் உள்ளது. மலேசியாவில் டுரியானைப் பறிப்பதில்லை. முதிர்ந்து தானே விழுவதைப் பொறுக்குவர். எதிர்பாராது வரும் செல்வத்தை ‘டுரியான் ருந்தோ’, அதாவது விழுந்த டுரியான் என்று மலாயர் சொல்வது அதனால்தான். மரமே ‘பக்குவம்’ என்று அறிவிக்கும்வரை மனிதன் பொறுத்திருக்கும் இவ்வழக்கத்துக்கு எதிர்முனையில், இன்று காயைப் பறித்துக் ‘கல்’ வைத்துப் பழுக்கவைக்கும் வணிகம் நிற்கிறது. கால்சியம் கார்பைடு என்னும் அக்கல்லை இந்தியச் சட்டம் தடைசெய்துள்ளது. அவ்வாறு நிறம் மாறியதைப் பழம் என்பதா, வெம்பல் என்பதா? நம் முன்னோர் சொல்வரிசையில் அதற்கு இடம் தேடினால், ‘பழுத்தல்’ என்பதில் அது அடங்காது.

பயனும் வெளிப்படை. பறித்த கீரையில் ‘சி’ உயிர்ச்சத்து அறைவெப்பத்தில் சில நாளுக்குள் பெருமளவு குறைந்துவிடும். பின்கட்டில் கிள்ளி உலையேற்றும் கீரைக்கு அக்குறை இல்லை. மிகுதியாக விளையும் காலத்தில் விலை இறங்குவதால், எளிய குடும்பமும் பழத்தை நிறைய உண்ண முடிகிறது. பருவம் மாறுந்தோறும் காய்கனி மாறுவதால் உடல் பலவகைச் சத்துகளைப் பெறுகிறது. மிகுந்ததை வற்றலும் ஊறுகாயுமாக்கும் தொழில்நுட்பமும் பருவ அறிவின் பகுதியே. டுரியான் விழுதைப் புளிக்கவைத்து மலாயர் செய்யும் ‘தெம்போயாக்’, நம் வடுமாங்காய்க்கு உறவுடையது: ஒன்று பிஞ்சுக் காலத்தையும், மற்றொன்று கனிக் காலத்தையும் பிந்திய மாதங்களுக்கு எடுத்துச்செல்கிறது.

பருவம் மறையும் காலம்

1950-களிலும் 1960-களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. தொழிலாளர் நிலமிழப்பதைத் தடுக்க 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ரப்பர் நின்ற இடங்களில் செம்பனை எழுந்தது. செம்பனை ஒருங்கே இலையுதிர்ப்பதில்லை. ஆகவே பங்குனியின் அடையாளம் தோட்டத்திலிருந்து மறைந்தது. 1998-இல் அண்டையிலுள்ள சிப்பாங்கில் பன்னாட்டு விமான நிலையம் திறக்கப்பட்டது. அப்பகுதி நிலத்தின் பயன்பாடு மேலும் மாறியது. லயத்தை விட்டு அடுக்குமாடிக்குச் சென்ற குடும்பத்துக்குப் பின்கட்டு இல்லை. பேரங்காடியில் ஆப்பிளும் திராட்சையும் எல்லா நாளும் உண்டு.

இழப்பு உணவில் மட்டும் நிகழவில்லை. எல்லா நாளும் கிடைப்பதற்குப் பருவப்பெயர் தேவையில்லை. பழமாக மட்டும் வாங்குவதற்கு வடுவும் மூசும் கச்சலும் தேவையில்லை. அகராதியில் சொல் இருக்கும், வாயில் இராது. அங்காடி தரும் வசதியை நாம் பழிக்கவில்லை. பசியின் கொடுமையை அறிந்த சமூகம் அதனைப் பழிக்கவும் இயலாது. அவ்வசதியோடு அறிவையும் காத்துக்கொள்ளலாம் என்பதே நாம் சொல்வது.

ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்கது

தமிழ்ப்பள்ளிகளில் எளிதாகச் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. வகுப்பில் பன்னிரு தமிழ் மாதங்களையும் ஒரு பெருந்தாளில் எழுதுக. ஒவ்வொரு மாதத்துக்கும் எதிரே நான்கு கட்டங்கள் வரைக: அம்மாதத்து மழை நிலை, பூப்பது, காய்ப்பது அல்லது பழுப்பது, வீட்டில் சமைப்பது. மாணவர் தத்தம் தாத்தா, பாட்டியரிடம் வினவி அக்கட்டங்களை நிரப்புக. அவர்கள் சொல்லும் சொல்லை அவர்கள் சொன்னவாறே எழுதவேண்டும். ‘கித்தா’ என்றால் ‘ரப்பர்’ எனத் திருத்தலாகாது. ஒரே காய்க்கு இருவர் இருவேறு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதி, அவர்தம் முன்னோர் வந்த ஊரையும் குறிக்கவேண்டும். அவ்வேறுபாட்டில் ஒரு குடிபெயர்வின் தடம் இருக்கக்கூடும்.

பள்ளி வளாகத்தில் முருங்கைக்கும் தவசிக்கீரைக்கும் இடம் தருக. கிளையை ஒடித்து நட்டாலே வளரும் அவை, சிறிய நிலத்துக்கும் ஏற்றவை. மாணவர் நட்டதைப் பறித்து, அன்றே சமைத்து உண்ணும்போது, பருவம் என்பது பாடநூற்சொல்லாக நில்லாது நாவில் இறங்கும்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளும் இதனைச் செய்யலாம். நீலகிரிச் சரிவின் கல்லாறு, பர்லியாறு பண்ணைகளில் மங்குஸ்தான் காய்க்கிறது. அப்பழத்தை அறிந்த மாணவரும், சுவாவின் மாணவரும் தத்தம் மாத அட்டவணைகளைப் பரிமாறிக்கொள்வராயின், ஒரே ஆடி மாதம் இரு நிலங்களில் எவ்வாறு வேறுபடுகிறது என்பதைப் பார்க்கலாம். ஆறு பெரும்பொழுதுகளை வகுத்த முன்னோர் தம் நிலத்தைப் பார்த்து வகுத்தனர். தோட்டத்துத் தமிழர் தம் நிலத்தைப் பார்த்து மற்றொரு கணக்கை வகுத்தனர். முன்னதை நாம் பாடமாகப் படிக்கிறோம். பின்னதை அறிந்தவர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களிடம் கேட்டு எழுதும் காலம் இதுவே.